மாமாவின் 142857

எங்கள் குடும்பத்தில் கணக்கு படித்தவள் நான் ஒருத்திதான். திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் கணக்கு எடுக்கிறேன். எம்.எஸ்சி. முடித்ததற்குச் சொந்தக்காரர்கள் கொடுக்கும் மரியாதை, கல்யாணத்துக்கு எத்தனை படி பிரியாணி போட வேண்டும் என்று என்னைக் கேட்பதுதான். நான் சொல்வேன். அவர்கள் அதைவிட ஐந்து படி கூடப் போட்டு மீத்துவார்கள்.

என் அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். ராயபுரத்துக்காரர். இரண்டு டிரெய்லர் லாரி வைத்திருக்கிறார். மணலி பக்கத்து யார்டுகளில் கன்டெய்னர் ஏற்றித் துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்குவது அவர் தொழில். ஒன்றை அவரே ஓட்டுவார், இன்னொன்றுக்கு டிரைவர் உண்டு. தொழிலில் கால்வாசிதான் ஓட்டுவது. முக்கால்வாசி, எண்ணூர் சாலையில் க்யூவில் நிற்பது. வண்டிக்கடியில் சோறு பொங்கி, துணி துவைத்துக் கொடி கட்டிக் காயப்போடும் அளவுக்கு நிற்பார்கள். அப்படி நிற்கும்போதுதான் மாமாவுக்கு ராசி, கிரகம், எண் எல்லாம் ஞாபகத்துக்கு வரும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரை அவர் நல்ல பகுத்தறிவுவாதி.

ராயபுரத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில் நியூமராலஜி ஆபீஸ் ஒன்று இருந்தது. அதை நடத்தியவரை எல்லோரும் 'சார்' என்பார்கள். முன்பு இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்தவர். செத்த பிறகு கிடைக்கும் நன்மையை விற்பதைவிட உயிரோடு இருக்கும்போதே கிடைக்கும் நன்மையை விற்பது சுலபம் என்று கண்டுபிடித்துத் தொழிலை மாற்றிக்கொண்டவர். மாமாவின் பெயரில் இரண்டு 'ஏ' கூட்டி ஒரு 'ஹெச்' செருகி, ஆதாரில் ஒரு ஆள், லைசென்ஸில் வேறொரு ஆள் என்று ஆக்கிவைத்திருந்தார்.

காலையில் சர்ச்சில் பூசைக்குப் போகிறவர் சாயங்காலம் நியூமராலஜிக்குப் போகலாமா என்று அக்கா ஒருதரம் கேட்டாள்.

"அது சாமி, இது சயின்சு" என்றார் மாமா. அதோடு விவாதம் முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் அக்கா வீட்டில் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். மாமா லேமினேட் செய்த அட்டை ஒன்றோடு மாடியேறி வந்தார். அட்டையில் சிவப்பு மையில் ஆறு இலக்கம்: 142857.

"டீச்சரு, கைய கழுவிகினு வா. இத்த ரெண்டால பெருக்கு."

பெருக்கினேன். 285714.

"பாத்தியா? அதே ஆளுங்கதான். சீட்டு மாறி குந்திகீறானுங்க. இப்போ மூணால பெருக்கு."

428571.

"அதே ஆறு பேரு! நாலால பெருக்கு, அஞ்சால பெருக்கு, ஆறால பெருக்கு. எவனும் வெளிய போமாட்டான், எவனும் உள்ள வரமாட்டான். சாவாத நம்பரும்மா இது. சார் எனக்குன்னே எடுத்துக் குடுத்துகிறாரு."

மாமாவுக்கென்றே எடுத்துக் கொடுத்த அந்த எண், ஒன்றை ஏழால் வகுக்கத் தெரிந்த எந்தப் பிள்ளையின் கணக்கிலும் கிடைக்கும். அதைச் சொன்னேன். நம்பவில்லை. கோயில் காலண்டரைக் கழற்றித் திருப்பி, பின்பக்கத்தில் வகுத்துக் காட்டினேன். பத்தில் ஏழு ஒருதரம் போகும், மீதி மூன்று. முப்பதில் நான்குதரம், மீதி இரண்டு. இப்படியே போனால் மீதி மூன்று, இரண்டு, ஆறு, நான்கு, ஐந்து என்று வந்து, கடைசியில் மறுபடி ஒன்று. ஏழால் வகுக்கும்போது பூஜ்யத்தைத் தவிர ஆறு மீதிதான் வர முடியும். ஆறும் வந்துவிட்டால் ஆரம்பித்த இடத்துக்கே திரும்ப வேண்டியதுதான். வேறு போக்கிடம் இல்லை.

"சுத்திச் சுத்தி வர்ற பஸ் ரூட்டு மாதிரி மாமா. ரெண்டால பெருக்கினா அதே ரூட்டுல வேற ஸ்டாப்பிங்ல ஏறுறோம். அவ்ளோதான். இதுல அதிசயம் ஒண்ணும் இல்ல."

"சுத்திச் சுத்தி வரும்ங்கிறே."

"ஆமா."

"அப்போ போனது திரும்பி வரும்ங்கிறே."

நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் வாயை மூடியிருக்கலாம். கணக்கைப் பற்றி யாராவது ஒருவர் ஆசையாகக் கேட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தால் கணக்கு டீச்சருக்குத் தலைகால் புரியாது. வகுப்பில் நாற்பது பேர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் வாழ்க்கை எங்களுடையது. எனவே மேலும் சொன்னேன். எண்ணை நடுவில் வெட்டி 142, 857 இரண்டையும் கூட்டினால் 999. மூன்றாக வெட்டி 14, 28, 57 என்று கூட்டினால் 99. எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 20408122449. அதை 20408 என்றும் 122449 என்றும் பிரித்துக் கூட்டினால் மறுபடி 142857.

மாமா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ஏழால பெருக்கினா?" என்று அடுப்படியிலிருந்து அக்கா கேட்டாள்.

"ஏழு வாணாம்னு சார் சொல்லிகிறாரு" என்றார் மாமா அவசரமாக.

அதற்குள் நான் பெருக்கிவிட்டேன். 999999. ஒன்றை ஏழால் வகுத்து வந்ததை ஏழால் பெருக்கினால் ஒன்றை ஒட்டித்தானே வர வேண்டும். அங்கே ஒன்றுக்குப் பதில் வரிசையாக ஒன்பது நிற்கிறது. மாமா அந்த ஆறு ஒன்பதையும் பிணத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஆறு பேரையும் சாவடிச்சிட்டியே" என்று சொல்லி, அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு, மிச்சத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் அந்தப் படம் லாரிக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் சுற்ற ஆரம்பித்தது. மேலே மாமாவின் குரலில் ஒரு செய்தி: "மாமு, சும்மா வுடாதீங்க, என் மச்சினி கணக்கு டீச்சரு, அதுவே ஒத்துக்கிச்சு." நான் எதை எதிர்த்து மூச்சு வாங்கப் பேசினேனோ அதற்கு நானே சாட்சி.

அடுத்து அந்த எண் லாரிக்குப் போனது. சும்மா பெயின்ட் அடித்தால் உதிர்ந்துவிடும் என்று மாமா வண்டிக்கொரு பெரிய தகரப் பலகை செய்து, மஞ்சள் பெயின்டில் எழுதி, டிரெய்லரின் பின்பக்கம் மாட்டினார். மாட்டினார் என்பது தவறு, வெல்டு வைத்தார். எண்ணுக்கு முன்னால் அவர் பெயர், அக்கா பெயர், இரண்டு பிள்ளைகள் பெயர் எல்லாவற்றின் முதல் எழுத்தையும் ஆங்கிலத்தில் பெரிதாகப் போட்டார். நான்கு எழுத்து, ஆறு இலக்கம். குடும்பமே சாவாத எண்ணுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். அதைப் பார்த்து இன்னும் சில லாரிகளில் எண் முளைத்தது. தண்டையார்பேட்டையில் ஒரு டீக்கடையில் கல்லாவுக்கு மேலே, படங்களுக்கு நடுவில் அதுவும் ஒரு படமாக, பூச்சரத்தோடு தொங்கியதை நானே பார்த்தேன்.

பள்ளிக்கும் வந்து சேர்ந்தது. தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், வெளியில நியூமராலஜி பாக்குறீங்களாமே, இது ஸ்கூல் பேரைக் கெடுக்காதா?" என்று கண்டித்தார். நான் நடந்ததைச் சொன்னேன். முழுதாகக் கேட்டார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, "என் பையனுக்கு விசா தள்ளிக்கிட்டே போகுது. பாஸ்போர்ட் நம்பர் சொன்னா என்னன்னு பாப்பீங்களா?" என்றார்.

அன்று இரவு சாப்பிடும்போது இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணக்கு தெரிந்த ஒருத்தி இத்தனை பேரிடம் தோற்கலாமா என்று ரோஷம் வந்தது. தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தேன். மூன்று முறை மூன்று, ஒரு பதினொன்று, ஒரு பதின்மூன்று, ஒரு முப்பத்தேழு. இவற்றைப் பெருக்கினால் 142857.

பதின்மூன்று! மாமாவுக்குப் பதின்மூன்று ஆகாது. பதின்மூன்றாம் தேதி லோடு ஏற்ற மாட்டார். விருந்தில் பதின்மூன்றாவது ஆளாக உட்கார நேர்ந்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளையையாவது கூப்பிட்டு உட்காரவைத்து எண்ணிக்கையை மாற்றுவார். ஏசுவின் கடைசி விருந்தில் எத்தனை பேர் என்று எங்கள் கோயிலில் சொல்லித்தந்ததை அவர் அளவுக்கு யாரும் மனதில் வாங்கியதில்லை.

மறுநாளே போய்ச் சொன்னேன்.

"மாமா, உங்க சாவாத நம்பரைப் பதிமூணால வகுத்துப் பாருங்க. மீதி வருதான்னு பாருங்க."

செல்போனில் தட்டினார். 10989. புள்ளி இல்லை, மீதி இல்லை. டீ டம்ளரைக் கீழே வைத்தார். முகம் வெளுத்துவிட்டது.

"வெல்டு வெச்சுட்டனேம்மா!"

அக்கா அடுப்படிச் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு, "வா டீச்சரு, நீயே வந்து சாராண்ட சொல்லு" என்று கிளம்பினார். நானும் ஒரு ஜெயித்த நடையோடு பின்னால் போனேன்.

சாரின் அறையில் எல்லா மதத்துச் சாமிகளும் ஒரே சட்டத்துக்குள் இருந்தார்கள். மேஜையில் கல்லாப்பெட்டி அளவுக்கு ஒரு கால்குலேட்டர். தண்டையார்பேட்டையிலிருந்து வந்த ஒரு அம்மாவும், கல்யாணம் தள்ளிப்போகும் ஒரு பையனோடு அவன் அப்பாவும் காத்திருந்தார்கள். அவர்கள் எல்லோர் முன்னாலும் நான் சத்தமாகச் சொன்னேன்: "சார், நீங்க கொடுத்த நம்பருக்குள்ள பதிமூணு இருக்கு."

சார் கொஞ்சமும் அசரவில்லை. கால்குலேட்டரில் அடித்துப் பார்த்தார். புன்னகை செய்தார்.

"உள்ளேதானே இருக்கு, மேடம்?"

"ஆமா."

"வெளியே இல்லையே?"

"இல்ல."

"சிறையில வெச்சிருக்கோம், மேடம். பதிமூணு வெளியில சுத்தினா ஆபத்து. இந்த நம்பர் அதைப் பிடிச்சு உள்ளே அடைச்சிருக்கு. இதை நான் பொதுவா யாருக்கும் சொல்றதில்லை. நீங்க படிச்சவங்க, கண்டுபிடிச்சிட்டீங்க."

தண்டையார்பேட்டை அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார், ஒரு பதிமூணு இல்ல. பத்தாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொம்பது பதிமூணு இருக்கு!" என்றேன். குரல் எனக்கே கொஞ்சம் கீச்சென்று கேட்டது.

சார் மாமாவைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா? அத்தனை பதிமூணையும் ஒரே நம்பர் அடக்கி வெச்சிருக்குன்னா அதுக்கு எவ்வளவு சக்தி இருக்கணும்?"

மாமாவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. கல்யாணம் தள்ளிப்போகும் பையன் அப்பாவின் காதில் என்னவோ சொன்னான். அந்த நம்பரே வேண்டும் என்று கேட்டிருப்பான்.

சார் என்னிடம் ரொம்ப மரியாதையாகப் பேசினார். இதே மாதிரி சுற்றிவரும் எண் வேறு ஏதாவது உண்டா என்று விசாரித்தார். எரிச்சலில் சொன்னேன். பதின்மூன்றால் வகுத்து வரும் இலக்கங்கள் ஒரே வட்டமாக நிற்காது, இரண்டு கோஷ்டியாகப் பிரிந்துவிடும், எங்கள் சர்ச் கமிட்டியைப் போல. பதினேழால் வகுத்தால் வட்டம் உடையாது, பதினாறு இலக்கம் வரும், ஆனால் பூஜ்யத்தில் ஆரம்பிக்கும்.

"சைபர்ல ஆரம்பிச்சா யாரும் வாங்க மாட்டாங்க, மேடம்" என்றார் சார், ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரியிடம் மனம் விட்டுப் பேசும் குரலில். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்கார முடியுமா என்றும் கேட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

"இன்னா மூளை பாத்தியா அந்தாளுக்கு!" என்றார் மாமா, படியில் என் பின்னால் வந்தபடி.

இப்படியே கொஞ்ச காலம் போயிற்று. அதுவரை ஆட்களே கன்டெய்னர் நம்பரைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த ஒரு யார்டில் புதிதாகக் கேமரா வைத்தார்கள். லாரி கேட்டுக்குள் நுழையும்போது கேமரா தானே எண்ணைப் படித்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கன்டெய்னர் எண் எப்படி இருக்கும் என்று இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். முதலில் நான்கு ஆங்கில எழுத்து. பிறகு ஆறு இலக்கம். அதற்கப்புறம், முன்னால் இருப்பதெல்லாம் சரியா என்று கணக்குப் போட்டுச் சரிபார்க்க, தனியாக ஒரு ஏழாவது இலக்கம். தெரியாதவர் மாமா இல்லை. ஆயுள் முழுக்க அந்தப் பெட்டிகளை இழுத்தவர். ஆனால் வெல்டு வைக்கும்போது அவர் வேறு உலகத்தில் இருந்தார்.

ஒரு சனிக்கிழமை பள்ளி விட்டு வெளியே வரும்போது போன் வந்தது.

"டீச்சரு, பேஜாராப் பூட்ச்சு. கேட்டாண்ட வண்டிய நிறுத்திட்டாங்க. நீ வந்து சொல்லு, இது கணக்குதான்னு."

ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். அக்கா ரயில்வேயில் வேலை பார்க்கிறாள். வேலை முடிந்து ஸ்கூட்டரில் அவளும் வந்துவிட்டாள். கேட்டில் மாமாவின் டிரெய்லர் முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் நின்றது. பின்னால் மற்ற லாரிகள் சாலை வரை நின்று ஹார்ன் அடித்தன. கேட் கேபினில் ஒரு பெண் கம்ப்யூட்டரையும் மாமாவையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், சிஸ்டம் ரெண்டு கன்டெய்னர் காட்டுது. வண்டியில ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு எங்க?"

"அது கன்டெய்னர் இல்லம்மா, நம்பரு."

"கன்டெய்னர் நம்பர்தானே சார்?"

"இல்லம்மா. சும்மா நம்பரு."

"சும்மா நம்பரை எதுக்கு சார் இவ்ளோ பெருசா எழுதி வெச்சிருக்கீங்க?"

மாமா என்னைப் பார்த்தார். நான் கேபினைப் பார்த்தேன். வெயிலில், டீசல் புகையில், ஒன்றை ஏழால் வகுத்தால் என்ன வரும் என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். அந்தப் பெண் பொறுமையாகத்தான் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அதெல்லாம் இருக்கட்டும் மேடம். ஏழாவது நம்பர் இல்லைன்னு எரர் வருது. ஏழைப் போட்டாதான் நவுரும்."

ஏழு என்று கேட்டதும் மாமா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

பின்னால் நின்ற லாரியிலிருந்து ஒரு டிரைவர் இறங்கி வந்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகையை மேலும் கீழும் பார்த்தார்.

"நைனா, இந்த நம்பர எத்தால பெருக்குனா உன் வண்டி நவுரும்? அத்த மொதல்ல சொல்லு."

க்யூவே சிரித்தது. கூட்டத்தில் இன்னொருவர் நான்கு எழுத்துக்கும் விரிவாக்கம் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது. மாமா ஸ்பேனர் எடுத்துப் பலகையைக் கழற்றப் போனார். கழற்ற அதில் நட்டும் இல்லை, போல்ட்டும் இல்லை. கையால் பிடித்து இழுத்தார். குனிந்து காலால் உதைத்தார். எனக்கு அதுவரை இருந்த எகத்தாளம் அந்த இடத்தில் போய்விட்டது. ஐம்பத்தைந்து வயது மனுஷர், தலை நரைத்து, எல்லோர் முன்னாலும் தன் குடும்பத்தின் முதல் எழுத்துகளை உதைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினாள். லாரி டூல் பாக்ஸைத் திறந்து கிரீஸ் டப்பாவை எடுத்தாள். வேலைக்குக் கட்டிப்போன புடவையோடு, கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டு, ஒரு கை அள்ளிப் பலகையில் அப்பினாள். இடமிருந்து வலமாக, அடுப்படியில் திட்டு மெழுகுவதுபோல, தன் பெயரின் எழுத்தையும் சேர்த்து முழுசாக மெழுகினாள். பிறகு கேபினைப் பார்த்துக் கேட்டாள்:

"இப்போ பாரும்மா. இன்னா நம்பர் தெரியுது?"

"ஒண்ணும் தெரியலக்கா. கன்டெய்னர் நம்பர் மட்டும் வருது."

கேட் உயர்ந்தது. பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள். மாமா ஏறி உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், வண்டியை உள்ளே விட்டார். அக்கா கிரீஸ் கையை ஒரு கோணித்துண்டில் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "நீ எதுக்கு அந்தப் பொண்ணுக்குப் பாடம் எடுத்த?"

இதோடு மாமாவுக்குத் தெளிந்துவிட்டது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அன்று சாயங்காலமே மாடியேறிச் சாரைப் பார்த்துவிட்டு, தெம்பாகத்தான் திரும்பி வந்தார்.

"டீச்சரு, மிஷினே ஒரு பெட்டிய ரெண்டு பெட்டின்னு காட்டுச்சு இல்ல? அதான் விருத்தி. நம்மதான் பயந்துகினு கிரீசு தடவிட்டோம்னு சார் சொல்றாரு."

அக்கா மறுநாள் கேஸ் கட்டர்காரரை வரவழைத்து, தானே பக்கத்தில் நின்று, இரண்டு லாரியிலிருந்தும் பலகையை அறுத்துப் போட்டாள். மாமா அன்று வீட்டில் சாப்பிடவில்லை. அடுத்த நாள் சாப்பிட்டார். இப்போது அவர் எண்ணை விட்டுவிட்டு வாஸ்து மீன் வளர்க்கிறார். சார் ராயபுரத்தைக் காலிசெய்து, ஊருக்கு மேற்கே ஒரு பெரிய இடத்தில் ஏசி அறையோடு உட்கார்ந்துவிட்டார். அங்கே இருக்கும் பெரிய படிப்புக்காரர்களும் இந்த எண்ணைத்தான் கேட்டு வாங்குகிறார்களாம். படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஒன்பதாம் வகுப்பில் சுழல் தசமங்கள் பாடம் வருகிறது. போன மாதம் கரும்பலகையில் ஒன்றுக்குக் கீழே ஏழு எழுதி வகுத்தேன். என் அனுபவத்தில் முதல் தடவையாக ஒரு பிள்ளைகூட ஜன்னலைப் பார்க்கவில்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி எட்டால் பெருக்கினால் வட்டம் உடைகிறதே என்று கேட்டாள். 1142856 என்று வரும். முன்னால் வந்த ஒன்றை எடுத்துக் கடைசி இலக்கத்தோடு கூட்டிப் பார் என்றேன். கூட்டிப் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளை வாயில் கையை வைத்துக்கொண்டது. அந்த ஒரு பீரியட் நான் சந்தோஷமாக இருந்தேன்.

மணி அடித்து வெளியே வந்தபோது வராந்தாவில் ஒரு அப்பா நின்றிருந்தார். அவருடைய பெண் பத்தாம் வகுப்பு, பரீட்சை நெருங்குகிறது. ஹால் டிக்கெட்டில் எந்த நம்பர் வந்தால் நல்லது என்று கேட்டார்.

"எந்த நம்பர் வந்தாலும் நல்லதுதான். தினம் ரெண்டு மணி நேரம் கணக்கு போடச் சொல்லுங்க."

அவர் முகம் தொங்கிவிட்டது.

"அத்த எல்லாரும்தான் சொல்றாங்க, மிஸ். நீங்க பெரிய படிப்பு படிச்சவங்க, ஸ்பெசலா எதுனா சொல்லுவீங்கன்னு வேலைக்கு லீவ் போட்டுகினு வந்தேன்" என்று சொல்லிவிட்டு, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.